சீன நெல்லி கிவிப் பழமான வரலாறு

புதிய பயிர் ஒன்றை நிலத்தில் வைத்து விளைவிப்பதில் குடியானவருக்கு உள்ள சிரமம் ஒருவகை. விளைந்ததைப் பலர் போட்டியிடும் சந்தைக்குக் கொண்டு சென்று, நல்ல விலைக்கு விற்று, அவ்விலையை ஆண்டுதோறும் நிலைநிறுத்துவதில் உள்ள சிரமம் மற்றொரு வகை. முதலாவது விஷயத்தில் ஆராய்ச்சிப் பண்ணைகளும் விவசாய இலாகா உத்தியோகஸ்தர்களும் துணை செய்கின்றனர். இரண்டாவது விஷயத்தில் குடியானவர் பெரும்பாலும் தனித்தே நிற்கிறார். விளைச்சல் குறைவின்றி இருந்தும் விலை கிடையாமல் நஷ்டமடைந்தவர்கள் எல்லா ஜில்லாக்களிலும் உண்டு. இது குறித்து நியூஸிலாந்து தேசத்துத் தோட்டக்காரர்கள் கிவிப் பழத்தினால் அடைந்த லாபமும், பின்னர்ப் பட்ட நஷ்டமும், அந்நஷ்டத்தினின்றும் மீண்ட விதமும் நிலமுடையோர் யாவரும் அறியத்தக்கவையாகும்.

கிவிப் பழம் கோழிமுட்டை அளவுள்ளது. மேல்தோல் பழுப்பு நிறமாயும் மெல்லிய ரோமம் படர்ந்ததாயும் இருக்கும். உள்ளிருக்கும் சதை பச்சை நிறம். அதன் நடுவே கருநிறமான சிறு விதைகள் வட்டமாய் அமைந்திருக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்த ருசியுடையது. தமிழ்நாட்டுப் பட்டணங்களின் பழக்கடைகளிலும் இப்பொழுது இது விற்கப்படுகிறது. இக்கொடிக்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் வேண்டுமாதலால் நமது சமவெளிகளுக்கு இது ஏற்றதன்று. இந்தியாவில் ஹிமாசலப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம் முதலிய மலைப் பிரதேசங்களில் பயிராகிறது. ஆகவே, இப்பழத்தின் சாகுபடி முறையைக் காட்டிலும் அதன் வியாபார வரலாறே நமக்கு மிக்க பிரயோஜனமுள்ளது.

பழமும் அதன் பிறப்பிடமும்

இப்பழத்தின் தாயகம் சீன தேசமாகும். யாங்ஸி நதி பாயும் பிரதேசத்து மலைக் காடுகளில் இது தானே வளரும் கொடி. 1903-ஆம் ஆண்டில் நியூஸிலாந்தின் வாங்கனூயி நகரத்துப் பெண்கள் கல்லூரித் தலைவியாகிய இஸபெல் பிரேஸர் என்னும் அம்மையார், சீனாவில் யீசாங் என்னுமிடத்திலுள்ள கிறிஸ்தவ மிஷனில் ஊழியம் செய்துவந்த தம் சகோதரியைப் பார்க்கச் சென்றார். 1904-இல் திரும்பியபோது இக்கொடியின் விதைகள் சிலவற்றைத் தம்முடன் கொண்டுவந்தார். அவ்விதைகள் அலெக்ஸாண்டர் அலிஸன் என்பவரின் கைக்கு வந்து முளைத்து, 1910-இல் முதன்முதலாகக் காய்த்தன. பின்னர் அத்தேசத்தில் பல்லாண்டுகள் பயிரான பச்சைப் பழக்கொடிகள் அனைத்தும் அச்சிறு விதைப் பொட்டலத்தின் சந்ததியேயாம்.

இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் கொடிகளை இடையிடையே நட்டு, பூக்கும் காலத்தில் தேனீப் பெட்டிகளைத் தோட்டத்தில் வைத்து, மகரந்தச் சேர்க்கை நடைபெறச் செய்யவேண்டும். பந்தலும், காற்றுத் தடுப்பு மரவரிசைகளும், ஆண்டுதோறும் கவாத்தும் அவசியம். நட்ட மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே பலன் காணலாம். முதலில் போட்ட பணம் நெடுங்காலம் முடங்கிக் கிடக்குமாதலால், விலை விழுந்தால் இதர வருஷப் பயிர்களைப்போல அடுத்த போகத்திலேயே மாற்றிக்கொள்ள இயலாது.

விதையினின்று வளரும் கொடிகள் ஒன்றுபோல் ஒன்று காய்ப்பதில்லை. ஆதலால் நாற்றுப் பண்ணை வைத்திருந்தோர் பலர் நல்ல கொடிகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி விற்றனர். ஆக்லாந்து நகருக்கு அருகே நாற்றுப் பண்ணை நடத்திய ஹேவர்ட் ரைட் என்பவர் 1920-களில் தேர்ந்தெடுத்த ரகத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரே இடப்பட்டது. ஹேவர்ட் ரகம் இதர ரகங்களைவிட அதிகமாய்க் காய்ப்பதன்று. ஆனால் காய் பருமனாயும், ருசி சிறந்ததாயும், குளிர்க் கிடங்கில் பல மாதங்கள் கெடாமல் இருக்கக்கூடியதாயும் இருந்தது. கடல் கடந்து வெகுதூரம் செல்லவேண்டிய பழத்துக்குக் கெடாமையே முதல் குணம். எனவே, மகசூலைக் கருதாது சந்தையின் தேவையைக் கருதி நியூஸிலாந்தார் பிற ரகங்களைக் கைவிட்டு ஹேவர்ட் ஒன்றையே ஏற்றுமதிக்குரியதாகக் கொண்டனர்.

ஏற்றுமதியின் ஆரம்பம்

பே ஆப் பிளென்டி என்னும் கடற்கரைப் பிரதேசத்தில் டெ புகெ என்ற ஊர் உள்ளது. அங்கே எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த ஜிம் மக்லாக்லின் என்பவர் 1937-இல் இக்கொடியை வியாபாரத்துக்காகவே பயிரிட்டார். இரண்டாம் உலகயுத்த காலத்தில் அத்தேசத்தில் தங்கியிருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் இப்பழத்தின் ருசியை அறிந்தனர். 1952-இல் முதற் சரக்கு இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. எலுமிச்சம் பழங்களுடன் சென்ற இப்பழம், நீண்ட கடற்பிரயாணத்தைத் தாங்கி நல்ல நிலையில் போய்ச் சேர்ந்ததே தோட்டக்காரர்களுக்கு ஊக்கமளித்தது. நியூஸிலாந்து ஜனத்தொகை மிகக் குறைந்த தேசமாதலால், உள்நாட்டில் விற்பதைக் கொண்டு மட்டும் இத்தொழில் விருத்தியடைந்திராது. மேலும் அங்கு அறுவடைக் காலம் மார்ச் முதல் ஜூன் வரையிலாகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதுப் பழங்கள் வந்து குவியாத மாதங்களில் இச்சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய அனுகூலமாயிற்று.

பெயர் மாற்றம்

அந்நாளில் ஆங்கிலேயர் இப்பழத்தைச் ‘சீன நெல்லி’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். நெல்லி இனத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. 1959-இல் ஆக்லாந்து நகரத்துப் பழ வர்த்தகக் கம்பெனியாகிய டர்னர்ஸ் அண்ட் குரோவர்ஸ் இதை அமெரிக்காவுக்கு அனுப்ப முற்பட்டபோது, இப்பெயர் அங்கே விலைபோகாது என்று தெரியவந்தது. சிறு முலாம்பழம் என்னும் கருத்துள்ள வேறொரு பெயரை முதலில் யோசித்தனர். முலாம்பழ வகைகளுக்கு அமெரிக்காவில் இறக்குமதித் தீர்வை அதிகமென்ற காரணத்தால் அதுவும் கைவிடப்பட்டது. இறுதியில், நியூஸிலாந்துக்கே உரிய பறக்கவியலாத பறவையின் பெயரைக் கொண்டு ‘கிவிப் பழம்’ என்று வைத்தனர். அப்பறவையும் பழுப்பு நிறமாய் ரோமம் போன்ற இறகுடன் உருண்டிருக்கும். பெயர் சுருக்கமாயும் நினைவில் நிற்பதாயும் இருந்தது. 1962 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் மொத்த வியாபாரச் சந்தையில் பிரீடா காப்லன் என்னும் அம்மையார் இப்பழத்தை விற்கத் தொடங்கி, அதை உண்ணும் முறையைச் சில்லறை வியாபாரிகளுக்கும் வாங்குவோருக்கும் விளக்கிப் பரப்பினார்.

இப்பெயர் வெற்றி பெற்றது. ஆனால் இங்கேதான் பின்னர் வந்த துன்பத்துக்கும் வித்திடப்பட்டது. பழத்தின் பொதுப் பெயராகவே வழங்கத் தொடங்கிய அப்பெயரை எவரும் தமக்கே உரியதாகப் பதிந்து காக்கவில்லை. ஹேவர்ட் கொடியும் எவருக்கும் தடையின்றிக் கிடைத்தது. நியூஸிலாந்து நாற்றுப் பண்ணைகளே பிற தேசங்களுக்குக் கன்றுகளை விற்றன. பெயரும் பொது, கொடியும் பொது என்றானபின், முதலில் பயிரிட்டவருக்கென்று சந்தையில் தனி உரிமை எதுவும் மிஞ்சவில்லை.

போட்டியும் வீழ்ச்சியும்

1970-களில் கிவிப் பழத்துக்குக் கிடைத்த விலை மிக உயர்ந்திருந்தது. டெ புகெ சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை பன்மடங்கு ஏறிற்று. விவசாயம் அறியாத நகரவாசிகளும் வரிச் சலுகையைக் கருதிக் கூட்டாகப் பணம் போட்டுத் தோட்டங்கள் வைத்தனர். பலர் கடன் வாங்கி நிலம் வாங்கினர். இதே காலத்தில் இத்தாலி, பிரான்சு, சிலி, கலிபோர்னியா முதலிய இடங்களிலும் அதே ஹேவர்ட் கொடி பயிராயிற்று. 1980-களின் முடிவில் இத்தாலியின் உற்பத்தி நியூஸிலாந்தின் உற்பத்திக்கு ஈடாக வளர்ந்து, பின்னர் அதை மிஞ்சியது. இத்தாலியப் பழமும் கிவிப் பழமே, சிலி தேசத்துப் பழமும் கிவிப் பழமே. கடைக்கு வருபவர் எது மலிவோ அதை வாங்கினார்.

ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த 1977-இல் ஓர் அதிகார சபை ஏற்பட்டு, சில கம்பெனிகளுக்கு மட்டும் லைசென்ஸ் அளித்திருந்தது. எனினும் அக்கம்பெனிகள் அந்நிய தேசத்துச் சந்தைகளில் ஒன்றுக்கொன்று போட்டியாய் நின்றன. ஒருவர் சொன்ன விலையை மற்றொருவரிடம் காட்டி, வாங்குவோர் விலையைக் குறைத்தனர். இதன் நஷ்டம் முடிவில் தோட்டக்காரரின் தலையிலேயே விழுந்தது. இந்நிலையை மாற்றவே 1988-இல் நியூஸிலாந்து கிவிப் பழ விற்பனை வாரியம் நிறுவப்பட்டு, ஏற்றுமதி முழுவதும் அதன் ஒரே கைவழியாக நடைபெறலாயிற்று.

வாரியம் ஏற்பட்டவுடன் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 1992-ஆம் ஆண்டு அத்தேசத்துத் தோட்டக்காரர் மறக்கவொண்ணாத ஆண்டாகும். ஐரோப்பியச் சந்தையில் சரக்கு மிகுந்து விலை சரிந்தது. கலிபோர்னியாத் தோட்டக்காரர்களின் முறையீட்டின் பேரில், அடக்கவிலைக்கும் குறைவாகப் பழம் இறக்கப்படுகிறதென்று தீர்மானித்து, அமெரிக்க சர்க்கார் நியூஸிலாந்துப் பழத்தின்மீது நூற்றுக்குச் சுமார் 98 வீதம் விசேஷத் தீர்வை விதித்தனர். அத்துடன் அமெரிக்கச் சந்தை பெரும்பாலும் அடைபட்டது. எதிர்பார்த்த விலை கிடையாமற்போகவே வாரியம் பெருங்கடனில் ஆழ்ந்தது. தோட்டக்காரர் பலர் வட்டி கட்ட வழியின்றித் தோட்டங்களை விற்றனர். சிலர் காய்த்துக்கொண்டிருந்த கொடிகளையே வேரோடு அகற்றினர். பழத்தில் குறையில்லை, விளைச்சலிலும் குறையில்லை. பிறர் சரக்கினின்றும் தம் சரக்கை வேறுபடுத்திக் காட்ட எதுவுமின்றி விற்றதே குறையாகும்.

மீண்ட விதம்

இவ்வீழ்ச்சிக்குப் பின் அவர்கள் செய்த காரியங்கள் மூன்று.

முதலாவது, சாகுபடியிலேயே வேறுபாட்டை உண்டாக்கியது. ஐரோப்பிய வியாபாரிகள் பழத்தில் பூச்சி மருந்து எச்சம் இருப்பதைக் குறித்து ஆட்சேபம் சொல்லிவந்தனர். அதுவரை நாட்கணக்கு வைத்துக்கொண்டு குறித்த தினத்தில் மருந்து தெளிப்பது வழக்கம். அதை நிறுத்தி, தோட்டத்தைப் பரிசோதித்துப் பூச்சி உண்மையிலேயே இருந்தால் மட்டும், கேடு குறைந்த மருந்தைத் தெளிக்கும் முறையை அனுசரித்தனர். எங்கே, எப்போது, எம்மருந்து தெளிக்கப்பட்டது என்பதைத் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். சிலருக்கு மட்டும் என்றிராமல் ஏற்றுமதி செய்வோர் யாவருக்கும் இம்முறை விதியாக்கப்பட்டது.

இரண்டாவது, தமக்கே உரிய பெயரை ஏற்படுத்திக்கொண்டது. 1997-இல் ‘ஸெஸ்பிரி’ என்னும் புதுப் பெயரைப் புனைந்து, பல தேசங்களிலும் வியாபாரக் குறியாகப் பதிவுசெய்தனர். முன்னர்ச் செய்த பிழை இம்முறை நேராதபடி, பழத்தின் பெயர் வேறு, விற்பவரின் பெயர் வேறு என்று பிரித்தனர். பழந்தோறும் அப்பெயர் பொறித்த சிறு சீட்டு ஒட்டப்பட்டது. பெயரைப் பதிவதோடு நில்லாமல், அப்பெயருக்குத் தக்க தரம் எப்போதும் இருக்குமாறும் பார்த்துக்கொண்டனர். பழத்தின் சர்க்கரை அளவு குறித்த நிலையை எட்டாமல் பறித்தல் கூடாது. பழத்தில் நீர் நீங்கலாக உள்ள உலர்பொருளின் அளவு கூடினால் பழுத்தபின் ருசியும் கூடும் என்று கண்டறிந்து, அவ்வளவைச் சோதித்து, உயர்ந்திருக்கும் தோட்டத்துக்கு அதிக விலையும் குறைந்ததற்குக் குறைந்த விலையும் கொடுத்தனர். எடையை மட்டும் பார்த்துப் பணம் பட்டுவாடா செய்தவரை, அதிகமாக விளைவிக்கவே தோட்டக்காரர் முயன்றனர். ருசிக்குப் பணம் என்றவுடன் கவாத்தையும் காய்களைக் கலைத்துவிடுவதையும் ருசியைக் கருதிச் செய்யத் தொடங்கினர். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில், வாரியத்தின் இடத்தில் பயிரிடுவோரே பங்குதாரராயுள்ள ஸெஸ்பிரிக் கம்பெனி ஏற்பட்டது. ஆஸ்திரேலியா நீங்கலாகப் பிற தேசங்களுக்கு ஏற்றுமதி அதன் மூலமே நடைபெறும் ஏற்பாடு தொடர்ந்தது.

மூன்றாவது, புதிய ரகம் கண்டது. சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் சீனாவினின்றும் வேறொரு வகைக் கொடியின் விதைகளைத் தருவித்து வளர்த்திருந்தனர். 1987-இல் செய்த ஒட்டுச் சேர்க்கையிலிருந்து, மஞ்சள் சதையும் மிக்க இனிப்பும் உடைய ரகமொன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘ஹார்ட் 16 ஏ’ என்று ஆராய்ச்சியில் அழைக்கப்பட்ட அது, ‘பொன்னிறக் கிவி’ என்னும் கருத்துள்ள பெயருடன் 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தைக்கு வந்தது. புளிப்பை விரும்பாதவர்கள் இதை மிகவும் விரும்பினர். இந்த ரகத்துக்குப் பயிர்ரக உரிமை பெறப்பட்டிருந்ததால், லைசென்ஸ் இன்றி எவரும் இதைப் பயிரிட முடியாது. ஹேவர்ட் கொடிக்கு நேர்ந்தது இதற்கு நேராதபடி இவ்வாறு காவல் செய்யப்பட்டது. வடக்குப் பாதி உலகத்தில் குளிர்காலத்தில் பழம் கிடைக்கும்பொருட்டு இத்தாலி, ஜப்பான் முதலிய தேசத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஒப்பந்தத்தின்மேல் கன்று கொடுத்து, ஆண்டு முழுவதும் கடைகளில் தம் பெயர் மறையாதிருக்கச் செய்தனர். முன்னர்ப் போட்டியாளராயிருந்தோர் சிலர் இவ்விதம் கூட்டாளிகளாயினர்.

மீண்டும் ஒரு சோதனை

2010-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டெ புகெ தோட்டமொன்றில் பிஎஸ்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாக்டீரியா நோய் கண்டது. இலையில் புள்ளிகள் தோன்றி, தண்டில் சிவந்த நீர் கசிந்து, கொடி பட்டுப்போகும். பச்சைப் பழக்கொடி ஒருவாறு தாங்கியது. பெருவிலை பெற்றுவந்த பொன்னிறக் கொடியோ சிறிதும் தாங்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த ரகத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஒரே ரகத்தை நம்பியிருப்பதன் அபாயம் இதனால் வெளிப்பட்டது.

ஆயினும் ஆராய்ச்சியாளர்கள் முதல் வெற்றியோடு நின்றுவிடாமல் மேலும் பல ரகங்களைச் சோதித்து வைத்திருந்தனர். அவற்றுள் ‘கோல்டு 3’ என்ற பொன்னிற ரகம் அதே ஆண்டில்தான் வெளியிடப்பட்டிருந்தது. அது இந்நோயை ஓரளவு தாங்குவதாகக் காணப்பட்டது. தோட்டக்காரர்கள் நோயுற்ற கொடிகளை அடியோடு வெட்டி, அடிமரத்தில் புது ரகத்தின் ஒட்டுக் குச்சிகளைக் கட்டினர். அந்த ரகம் ‘ஸன்கோல்டு’ என்னும் பெயரில் விற்கப்பட்டு, சில ஆண்டுகளில் பச்சைப் பழத்தின் ஏற்றுமதி அளவையும் கடந்தது. அதைப் பயிரிடும் லைசென்ஸ் ஏலத்தில் விடப்பட, 2021-இல் ஒரு ஹெக்டேருக்கு 5 லட்சம் நியூஸிலாந்து டாலருக்கு மேலும் கொடுத்து வாங்கினர். நிலத்தின் விலை இதில் சேராது.

இவ்வளவு மதிப்புள்ள பொருளுக்குத் திருட்டும் உண்டாதல் இயல்பே. இக்கொடியின் ஒட்டுக் குச்சிகள் உரிமையின்றிச் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பயிராகியிருப்பது பிற்பாடு தெரியவந்தது. 2020-இல் நியூஸிலாந்து ஹைகோர்ட் இதற்காகப் பெருந்தொகை நஷ்டஈடு விதித்துத் தீர்ப்பளித்தது. எனினும் அந்நிய தேசத்தில் ஊன்றிவிட்ட கொடியை அகற்றுவது எளிதன்று. சட்டக் காவல் அவசியமே. அதை மட்டும் நம்பியிருத்தலும் போதாது. தரத்தினாலும் இடையறாத ஆராய்ச்சியினாலும் ஓரடி முன்னே செல்பவருக்கே சந்தையில் இடமுண்டு.

நமது நாட்டினர் கவனிக்கத்தக்கவை

மேற்கூறிய வரலாற்றினின்றும் புதுப் பயிர் வைக்கக் கருதுவோர் கீழ்க்கண்டவற்றை மனத்திற்கொள்ளுதல் நலம்.

1. ஒரு பயிருக்கு இன்றுள்ள உயர்ந்த விலையை மட்டும் கண்டு கடன்வாங்கிப் பயிரிடலாகாது. அதே விலையைக் கண்டு எத்தனை பேர் நட்டிருக்கின்றனர், அவர்களுடைய மகசூல் எப்போது சந்தைக்கு வரும் என்பதை விசாரிக்க வேண்டும். பலன் தரப் பல ஆண்டுகள் செல்லும் மரப்பயிர், கொடிப்பயிர்களில் இவ்விசாரணை இன்றியமையாதது.

2. ரகத்தைத் தெரிந்தெடுக்கும்போது மகசூலோடு வாங்குவோர் வேண்டும் குணத்தையும் கருத வேண்டும். தூர தேசத்துக்குச் செல்வதாயின் கெடாமையும், உள்ளூரில் விற்பதாயின் ருசியும் முதன்மை பெறலாம்.

3. ஒரே ஊரார் தனித்தனியே ஒரே வியாபாரியிடம் சென்றால், அவர்களே ஒருவருக்கொருவர் போட்டியாவர். தரம் பிரித்துச் சிப்பம் கட்டுவதையும் விலை பேசுவதையும் கூட்டுறவுச் சங்கம் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் ஒன்றுபட்டுச் செய்தல் வேண்டும்.

4. மட்டச் சரக்கை நல்ல சரக்கின் அடியில் வைத்துக் கட்டுவது சங்கத்தின் பெயரைக் கெடுக்கும். நல்ல சரக்குக்கு அதிக விலையும் மட்டச் சரக்குக்குக் குறைந்த விலையும் சங்கத்துக்குள்ளேயே பட்டுவாடா செய்தால், இவ்வழக்கம் தானே ஒழியும்.

5. பெயர் பெற்ற விளைபொருளின் பெயரைச் சட்டப்படி காத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. அதன்கீழ் மதுரை மல்லி 2013-இலும் ஈரோடு மஞ்சள் 2019-இலும் பதிவாயின. 2001-ஆம் ஆண்டுப் பயிர்ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ், குடியானவர் தாம் பரம்பரையாகக் காத்துவந்த ரகங்களையும் பதிவுசெய்துகொள்ளலாம். பதிவுக்குப் பின் தரத்தைக் காக்கும் பொறுப்பு அப்பெயரால் விற்போர் அனைவரையும் சேர்ந்தது.

6. ஒரே ரகத்தைக் கொண்டு பிரதேசம் முழுவதையும் நிரப்புவது நோய்க் காலத்தில் பேராபத்தாகும். விலை நன்றாயிருக்கும் காலத்திலேயே மாற்று ரகங்களைச் சிறிதளவு நட்டுப் பரீட்சித்து வைத்திருத்தல் தகும்.

கிராமாதிகாரிகள் தங்கள் ஊரில் புதுப் பயிர் ஏதேனும் பரவத் தொடங்கினால், எத்தனை ஏக்கரில் நடப்பட்டிருக்கிறது, கன்றும் விதையும் எங்கிருந்து வந்தன, யார் வாங்குவதாக உறுதி கூறியிருக்கின்றனர் என்னும் மூன்று விவரங்களையும் ஆரம்பத்திலேயே குறித்துவைத்து விவசாய இலாகா உத்தியோகஸ்தருக்குத் தெரிவித்தால் பெரும் பயன் உண்டாகும். டெ புகெ தோட்டக்காரர்கள் கொடிகளை வேரோடு வெட்டிய பின்னரே இக்கணக்கைப் போட்டுப் பார்த்தனர். நடுவதற்கு முன்னரே போட்டுப் பார்ப்பவருக்கு அந்நஷ்டம் நேராது.